அம்மை இல்ல அது

உள்ள வாங்க சிஸ்டர், அந்த முறத்தத் தள்ளிட்டு உக்காருங்க. நெத்திலி ஆயறேன், கையெல்லாம் செதிலு. முந்தாநேத்துதான் எங்க வூட்டுக்காரருக்கு அம்மைன்னு மூணாந் தண்ணி ஊத்துனோம். இன்னிக்குத்தான் கவுச்சி சேக்கறோம். மெதுவா பேசுங்க, அத்தை உள்ள அவரு பக்கத்துல இருக்குது.

அவரு தேதிக்கு வரலன்னு ஆஸ்பத்திரிலேருந்து உங்களுக்குப் போன் வந்துதா? இப்பதான் வந்துதா? போன வாரம் எங்க வாசல்ல வேப்பிலையப் பாத்துட்டு ரோட்டோட திரும்பிட்டீங்களே. நான் பாத்தேன். நர்சம்மா நீங்களே பயந்து ஓடுனா எங்க மாமியாவ யாரு கேக்கறது?

அம்மை இல்ல சிஸ்டர் அது. மாத்திரைக்கு வந்த பொரி. நொரையீரல் கட்டிக்கு தெனம் ஒண்ணு போடுறாரே, அதுக்கு. அந்தக் கட்டிக்கு வளரு வளருன்னு ஒரு சேதி போய்கினே இருக்குமாம். மாத்திரை அந்த வழிய அடைச்சிடுதாம். உப்பளத்துல பாத்திக்குத் தண்ணி வர்ற மடைய மண்ணு வெட்டி அடைக்கறோமே, அந்த மாதிரி. பத்தே நாள்ல இருமல் கொறஞ்சி, மனுசன் உப்பளம் வரைக்கும் நடந்தே போனாரு.

அப்பதான் மூஞ்சி, மாரெல்லாம் பொரிஞ்சிது. ஆத்தா வந்துட்டா, மருந்து மாத்திரை தொடக் கூடாதுன்னு அத்தை டப்பாவத் தூக்கிப் பரண் மேல போட்டுது. நாத்தனா மலர்கொடி மஞ்சத்தண்ணி கரைக்கிறா. கொழுந்தன் பம்பைக்காரனக் கூட்டிகினு வர்றான். எல்லாரு கையிலயும் போன் இருக்குது, ஒருத்தராச்சும் ஆஸ்பத்திரிக்குப் போட்டாங்களா? மாத்திரை இல்லாம பதினெட்டு நாளு சிஸ்டர். இப்ப படுத்தா மூச்சு வாங்குது, நாலு தலகாணி வச்சி சாச்சி வச்சிருக்கோம். பாக்க வர்ற சனம் ஆத்தா கோவம் இன்னும் தீரலன்னுது. வாயில வருது எனக்கு.

அத்தைக்கு இன்னா தெரியும்னு கேக்கறீங்க. தெரியாதுதான். அதுகிட்ட யாரும் சொல்லலையே.

எங்கிட்டதான் சொன்னாங்க. மாத்திரை குடுக்கற எடத்துல ஒரு பொண்ணு, பரு மாதிரி வரும்க்கா, நீங்களா நிறுத்திடாதீங்க, ஒடனே போன் பண்ணுங்கன்னு ரெண்டு தரம் சொல்லிச்சி. அவரு டீ குடிக்கப் போயிருந்தாரு. அத்தை வேப்பிலை ஒடிச்சப்போ நான் கதவோரம் புள்ளய இடுப்புல வச்சிகினு நின்னுகினு இருந்தேன். அத்தினி பேரு எதுர்ல நான் எப்டி வாயத் தொறந்து...

தோ வர்றேன் அத்தை. சிஸ்டர், அவரு இன்னும் அம்மைன்னுதான் நெனச்சிகினு இருக்காரு, அந்தப் பொண்ணு எங்கிட்ட சொன்னத மட்டும் நீங்க அவருகிட்ட