பால் பெட்டியில் இல்லாத தோட்டக்காரன்

கோக்கோவுக்குப் பால் காய்ச்சும்போது ஓயாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆடை படிந்துவிடும். எனக்கு அந்தப் பொறுமை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் டாக்டர். நான் ஏதோ ஆத்திரத்தில் புத்திகெட்டுச் செய்துவிட்டதாக நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. ஆத்திரம் இருந்தது, இன்னும் இருக்கிறது. அவசரம்தான் இல்லை.

என் கணவர் அஸ்பியோர்ன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றபின் அவர் வகுப்பில் நான் ஒருத்திதான் மிச்சம். ஒருநாள் அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன். அன்றிலிருந்து என் மூளைக்குப் பயிற்சி தேவை என்று முடிவுகட்டிவிட்டார். காலையில் காப்பிக்கு முன்னால் நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்ல வேண்டும். பிறகு சுடோகு. தப்பாகப் போட்டால் பென்சிலால் மேசையைத் தட்டுவார். வீட்டுக்கு யாராவது வந்திருந்தாலும் தட்டுவார், என்னைக் காட்டி அவர்களிடம் சொல்வார்:

"தூரிட்டுக்கு மேல்மாடி காலி. சும்மா கிடக்குதேன்னு வாடகைக்கு விடலாம்னு இருக்கேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாஃபிள் பரிமாறுவேன்.

ஈஸ்டருக்குப் பிள்ளைகளோடு மலைக் குடிலுக்குப் போவோம். பகலில் பனிச்சறுக்கு, மாலையில் பகடை. அந்த வாரம் எங்கள் நாட்டில் பால் வரும் அட்டைப் பெட்டியில்கூடக் கொலைப் புதிர் விடையோடு அச்சாகி வரும், பெட்டிக்குப் பெட்டி வேறு கதை. காலைச் சாப்பாட்டின்போது ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கொலைகாரனைக் கண்டுபிடிக்க வேண்டும். அஸ்பியோர்ன் பாதிக் கதையிலேயே சொல்லிவிடுவார். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

"அம்மாவுக்கு விடைய சொல்லிடாதீங்க. பால் திரியற வரைக்கும் யோசிக்கட்டும்."

எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும். எல்லோருக்கும் முன்னால் எழுந்து, விறகடுப்பை மூட்டிவிட்டு, பெட்டியை எடுத்து விடைவரைக்கும் படித்து வைத்துவிடுவார். பால் பெட்டியைப் பார்த்துக் காப்பியடிக்கிற மனிதர் என்னை மண்டு என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதலில் வீட்டில்தான் தொடங்கினேன். மதியம் அவர் தூங்கும்போது அவருடைய சுடோகுவில் ஓர் எண்ணை அழித்துவிட்டு வேறு எண் போட்டு வைப்பேன். எழுந்து வந்து பார்த்தால் கட்டம் எங்கேயோ முட்டிக்கொண்டு நிற்கும்.

"இந்த ஆறை நானா போட்டேன்?"

"வேற யாரு? எனக்குத்தான் மேல்மாடி காலியாச்சே."

சீட்டுக்கட்டிலிருந்து ஒரு ராஜாவை எடுத்து ஒளித்தேன். அவர் தேடிக் களைத்ததும் திருப்பி வைத்தேன். கொஞ்ச நாளில் என்னைக் கணக்குக் கேட்பதை விட்டுவிட்டார். அத்தோடு நீங்களும் விட்டிருக்கலாமே என்பீர்கள். அவர் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லையே.

அடுத்த ஈஸ்டரில் அவர் பெட்டியைப் படித்து வைத்துவிட்டு விறகெடுக்க வெளியே போனார். நான் அந்தப் பாலைக் கோக்கோவுக்கு ஊற்றிவிட்டு, பெட்டியை அடுப்பில் போட்டேன். மேசையில் இன்னொரு பெட்டியை வைத்தேன். எங்கள் மகள் யோருன் வாசித்தாள். அவர் கதையைக் கேட்கவே இல்லை. எங்கே குறுக்கிடலாம் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோட்டக்காரன்தான் கொன்னான். மழையில வந்தவன் பூட்ஸ்ல ஈரமே இல்ல பாரு."

"அப்பா, இது நடுக்கடல்ல, கப்பல்ல நடக்குது. இதுல தோட்டக்காரனே இல்ல."

"இல்ல, காலையில நான்... இதே பெட்டியில படிச்சேன்."

"வேற பெட்டி ஏதாவது இருந்துச்சாம்மா?"

"இது ஒண்ணுதான் கண்ணு," என்றேன், கோக்கோவைக் கிண்டிக்கொண்டே.

கோக்கோவுக்குப் பால் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கணக்கு வாத்தியாரும் கேட்கவில்லை. விடையைக் குடித்துக்கொண்டே எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

பிறகு எல்லாம் தானாக நடந்தது. மறதி நோயா என்று பார்க்க ஊர் மருத்துவர் கடிகாரம் வரையச் சொன்னபோது, பயத்தில் முட்களைக் கோணலாகப் போட்டுவிட்டார். கார் ஓட்டும் உரிமம் போயிற்று. உங்கள் முதியோர் இல்லத்தில் சேர்க்கும்போது யோருன் அழுதாள். நான்தான் அவளைத் தேற்றினேன்.

உங்கள் நர்ஸ் நேற்றுப் பார்த்ததாகச் சொல்கிறாளே, அது உண்மைதான். நான் கொண்டுபோன சுடோகுவை அவர் முழுசாக முடித்து என் பக்கம் தள்ளினார்.

"தூரிட், சரியா இருக்கா?"

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பென்சிலை எடுத்து மேசையைத் தட்டினேன். அவர் ரப்பரை எடுத்து எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கினார். நாளைக்கும் ஒன்று கொண்டுவருகிறேன் டாக்டர். அவர் மூளை மழுங்கிவிடக் கூடாது, எனக்கு வேறென்ன ஆசை?