அஞ்சாவது பேர்

போதும்ப்பா, கை தட்டினது போதும். "நானும் ஒரு நாவல் எழுதப் போறேன்"னு இந்தத் தம்பி எந்திரிச்சுச் சொன்னதுக்கே இத்தனை கைதட்டல். எழுதி முடிச்சவனுக்கு என்ன மிச்சம் வச்சிருக்கீங்க?

கோவிச்சுக்காதீங்க. அஞ்சாம் வகுப்போட நின்னவ நான். எப்படி எழுதணும்னு சொல்ல வரல. எழுதாமப் போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரிஞ்ச ஒண்ணு இருக்கு... அதை மட்டும் சொல்லிட்டு உக்காந்துக்கிறேன்.

தூத்துக்குடி உப்பளத்துல சந்தியாகுன்னு ஒருத்தர். மூட்டை தூக்கினவர். அவருக்கு ஒரே மக, பிரிஸ்கா. காலேஜ் முடிச்சவ, கதை எழுதுவா. நல்லாவே எழுதுவா. அதையும் சொல்லணும்ல?

நாப்பது வருஷத்துக்கு முன்னாடி, அளத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போன லாரி ஒண்ணு ஓடைக்குள்ள கவுந்துச்சு. ஒன்பது பொம்பளைங்க செத்துப் போனாங்க. பஞ்சம் பிழைக்க எங்கிருந்தோ வந்தவங்க. வந்து எட்டு நாள்தான் ஆச்சு. எந்த ஊருன்னு கூட்டி வந்த புரோக்கருக்குத்தான் தெரியும். அவன் அன்னிக்கே ஓடிட்டான். ஆள் நோட்டுல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? 'பெண்ணாள் ஒன்பது.' அவ்வளவுதான். கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே ஒரே குழியில புதைச்சுட்டாங்க.

அந்த ஒன்பது பேரோட பேரும் தெரிஞ்ச ஒரே ஆள் சந்தியாகு. எப்படித் தெரியும்? மூட்டை தூக்கினது போக, காலையில அவங்களுக்கு டீ ஊத்திக் கொடுத்தவரும் அவர்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஊத்துவாராம்.

வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவங்கவங்க வீட்டுக் கல்லறையில மெழுகுதிரி ஏத்துவாங்க. சந்தியாகு மட்டும் மதிலுக்கு வெளியே போவார். ஒன்பது திரி. ஒவ்வொண்ணா ஏத்தி, ஒவ்வொரு பேரா வாய்க்குள்ளேயே சொல்வார். சின்னப் பிள்ளையா பிரிஸ்காவும் கூடப் போயிருக்கா. மெழுகு உருகுறதைப் பார்த்தா... பேரைக் கேக்கல.

வளர்ந்த பிறகு ஒரு நாள் சொன்னா. "யப்பா, அவங்க கதையை நான் எழுதப் போறேன்."

மனுசன் அழுதுட்டாராம். "எழுது தாயி. எனக்குப் பொறவு யாரு இவளுகளைக் கூப்பிடப் போறா?"

இவ என்ன செஞ்சா? எழுத உக்காந்தாளா? முதல்ல பேஸ்புக்ல அறிவிப்பு. அப்புறம் அட்டைப்படம். ரெண்டு படத்தைப் போட்டு, 'எது நல்லாருக்கு, சொல்லுங்க'ன்னு ஓட்டெடுப்பு. ஆயிரம் பேர் ஓட்டுப் போட்டாங்க. ஆயிரம் பேர்! புத்தகத்துல ஒரு வரி கிடையாது.

சாயங்காலமானா அப்பா பக்கத்துல உக்காந்து, போனைப் பதிவுல போட்டு வைப்பா. அவர் ஆரம்பிப்பார். "முத்துராக்கு... உசரமான பிள்ள, டீயில சீனி கூடக் கேக்கும்." அப்புறம் வேலம்மா. பேச்சி. சீனித்தாய். நாலு சாயங்காலம், நாலு பேர்.

அஞ்சாவது நாள். "இந்தப் பிள்ளைதான் எல்லாத்துலயும் சின்னது. பதினாலு வயசு. பல்லு தெரியச் சிரிக்கும். அவ பேரு..."

டிங்!

"யப்பா, ஒரு நிமிஷம். ஒருத்தர் கமெண்ட் போட்டிருக்காரு, பதில் சொல்லிடுதேன்."

"நீ பாரு தாயி. நான் எங்க போயிரப் போறேன்?"

மறுநாளும் அதே மாதிரி. "அந்தச் சின்னப் பிள்ள பேரு..." டிங்! "நீ பாரு தாயி." அதுக்கு மறுநாள் அட்டைப்படத்தைப் பத்தி எவனோ குறை சொல்லிட்டான், அவன்கூடச் சண்டை. அன்னிக்கு அவர் ஆரம்பிக்கவே இல்ல. மக முகத்தைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்துட்டு, எந்திரிச்சுப் போயிட்டார்.

புரட்டாசி கடைசியில வாதம் வந்து வலது பக்கம் விழுந்துருச்சு. வாயும் கோணிக்கிச்சு. இப்ப பிரிஸ்கா போனை அணைச்சு வச்சுட்டா. நோட்டும் பேனாவுமா கட்டிலோரமே கிடந்தா. "சொல்லுங்கப்பா... அந்தச் சின்னப் பிள்ள பேரு என்ன?" அவரும் சொல்லத்தான் பாக்குறார். "ம்... ம்மா..." எச்சில்தான் வருது. எழுதிக் காட்டலாம்னா எழுத்து தெரியாத மனுசன். இடது கையைத் தூக்கி அஞ்சு விரலைக் காட்டினாராம். இன்னும் அஞ்சு பேர் இருக்காங்கன்னு.

பதினாறு நாள் அப்படிக் கிடந்தார். போயிட்டார்.

அடுத்த வாரமே கல்லறைத் திருநாள். பிரிஸ்கா முதல்ல அப்பாவுக்கு ஒரு திரி ஏத்துனா. பிறகு மதிலுக்கு வெளியே போனா. ஒன்பது திரி வச்சா. "முத்துராக்கு." ஏத்துனா. "வேலம்மா... பேச்சி... சீனித்தாய்." ஏத்துனா. அஞ்சாவது திரியைக் கையில எடுத்தா...

யாரைச் சொல்லிக் கூப்பிடுவா? சொல்லுங்க, யாரைச் சொல்லி?

மிச்சமிருந்த அஞ்சையும் பேரில்லாமத்தான் ஏத்திட்டு வந்தா. உங்ககிட்ட நான் சொல்ற எல்லாம் அவளே சொன்னதுதான். "எழுத வர்ற பிள்ளைங்ககிட்ட இதைச் சொல்லுங்க, என் பேரையும் சேத்தே சொல்லுங்க"ன்னா. அந்தப் போனையும் எனக்குப் போட்டுக் காட்டினா. அந்தச் சின்னப் பிள்ளை பேரைச் சொல்ல வந்த ரெண்டு நாள் பதிவும் எப்படி முடியுது தெரியுமா? "நீ பாரு தாயி... நான் எங்க போயிரப் போறேன்?"

அட்டைப்படம் இன்னும் பேஸ்புக்ல கிடக்கு. "அக்கா, புத்தகம் எப்ப வரும்?"னு இன்னும் கேக்குறாங்க.

பிள்ளைங்களா, அந்த ஒன்பது பேரும் ஒரு தடவைதான் செத்தாங்கன்னு நினைக்கிறீங்களா? நாலு பேர் ஒரு தடவை. அஞ்சு பேர் ரெண்டு தடவை. முதல் தடவை லாரி கவுந்தது. ரெண்டாவது தடவை என்ன நடந்துச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, உங்க மடியிலயே இருக்கு அது... இப்பக்கூட ஒருத்தருக்கு அடிக்குது, எனக்குக் கேக்குது. நாவலை நாளைக்கு எழுதலாம், அது காத்திருக்கும். சொல்ற ஆள் காத்திருக்க மாட்டார். 'எங்க போயிரப் போறேன்'னு உங்க வீட்டுல சொல்ற வாய் ஒண்ணு இருக்கும். இந்தக் கூட்டம் முடிஞ்சதும் நேரா அங்க போங்க. போய், அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டு, ஒரே ஒரு பேரையாவது தாள்ல எழுதி வைங்க.

அப்புறம் அறிவிங்க. நானே வந்து கை தட்டுறேன்.