வெயிலுக்காக விரித்த குடை

1974 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை காலை, நான் வென்றிருக்க வேண்டிய சதுரங்க ஆட்டம் ஒன்று முடிவின்றிக் கலைக்கப்பட்டது. இதுவே என் குறை. மற்றவை கிளைச் செய்திகள், கேட்கிறீர்களாதலால் கூறுகிறேன்.

பணி ஓய்வுக்குப் பின் ஞாயிறுதோறும் செங்கல்பட்டிலிருந்து பேருந்தேறி, மாமல்லபுரத்தை அடுத்த குப்பத்துக்குச் செல்வேன். அங்கே காத்தவராயன் மணலில் பலகை விரித்துக் காத்திருப்பான். தன் கட்டுமரம் கண்ணில் பட வேண்டும் என்பதால் கடலைப் பார்த்தே அமர்வான். பலகை அவனுடையது, ஆகவே வெள்ளைக் காய்களும் அவனுக்கே. கடலுக்கு முதுகு காட்டிய எனக்கு என்றும் கறுப்பு.

நான் ஆடுவது பிரெஞ்சுத் தற்காப்பு. ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தி, கதவைத் தாழிட்டுக்கொண்டு அமரும் முறை. அதில் தோல்வி அரிது. வெற்றி அதனினும் அரிது.

"இன்னா வாத்தியாரே, இன்னிக்கும் வூட்ட பூட்டிக்கினு உள்ளயே குந்திக்கப் போறியா? வெளிய வாய்யா, கடிச்சிட மாட்டேன்" என்றான்.

அன்று வெளியே வந்தேன். அதே முறையில் தொடங்கி, கோட்டை கட்டாமல், ஓரத்துச் சிப்பாய்களை அவன் ராஜாவின் மீது ஏவினேன். அவன் சிரிப்பு நின்றது. பிறகு என் குதிரையைப் பலியாக வைத்தேன். அவன் அதை வெட்டினால் அடுத்த நகர்த்தலில் அவன் ராஜாவுக்கு மாட், ஆட்டம் முடிந்தது. மீசையை நீவியபடி பலகைக்குள் மூழ்கிப்போனான்.

அப்போது கடலில் ஒரு குரல் எழுந்தது. கடைசி வரிசைக் குசுகுசுப்பையும் கேட்டுப் பழகிய செவி என்னுடையது. திரும்பினேன். காத்தவராயனின் கட்டுமரம் புரண்டு கிடந்தது. அவன் தங்கை வச்சலாவின் கணவன் மூர்த்தி அதைப் பற்றிக்கொண்டு ஒரு கையை ஆட்டினான். எழுவாயும் பயனிலையும் இல்லாத வெறுங்கூச்சல். அதற்கு எவ்வாறு பதிலளிப்பது? மேலும், ஆட்டத்தின் நடுவே எதிராளியிடம் பேசுவது முறையன்று.

குடையை விரித்து எனக்குப் பின்னே நட்டேன். "வெயில் உன் கண்ணைக் கூசச் செய்கிறது, காத்தவராயா."

"நல்ல மன்சன்யா நீ" என்றான். குதிரையை வெட்டினான்.

நான் ராணியைத் தூக்கிய கணத்தில் வச்சலா ஓடிவந்தாள். "அண்ணே, எங்க வூட்டுக்காரரு தண்ணில தத்தளிச்சிக்கினு கீறாரு, நீ பொம்மை வச்சி ஆடிக்கினு கீறியா? யோவ் வாத்தியாரே, குடைய எட்றா."

காத்தவராயன் பலகையைத் தாண்டவில்லை. அதன் மீதே ஓடினான்.

மூர்த்தி பிழைத்தான். வயிறு நிறைய உப்புநீர் குடித்திருந்தானாம். அவர்கள் அவனைக் கரையேற்றிய நேரத்தில் நான் காய்களை நினைவிலிருந்து மீண்டும் அடுக்கி, ராணியை உரிய கட்டத்தில் வைத்திருந்தேன். காத்தவராயன் பலகையைப் பார்க்கவே இல்லை.

"பாத்துகினா இருந்த?" என்று மட்டும் கேட்டான்.

பொய்யுரைக்கும் வழக்கம் எனக்கில்லை. பார்த்தேன். மூர்த்தியின் கால் வலையில் சிக்கியிருந்ததையும் பார்த்தேன். பார்த்த பின்னரே குடையை விரித்தேன். ஆனால் குதிரையை வெட்டியது அவன் கை.

வாசகரே, உணர்ச்சிக்கு இடங்கொடாமல் தீர்ப்பெழுதுங்கள்: கறுப்புக்கு வெற்றி.