வெள்ளை ஜாக்கெட்

பனிச்சறுக்குச் சுற்றுலா என்று சொல்லி வெளிநாடு போனால் அங்குள்ள ஹோட்டலிலேயே வேலை கிடைத்துவிடும் என்று ஒரு குடும்பம் நம்பியிருந்தது. பதுளை பஜாரில், வெளிநாட்டுப் பழைய உடுப்புகள் விற்கும் கடையில் நான் காத்து நின்றபோது, ஒரு தாயும் இருபது வயது கடந்த அவர் மகனும் பேசியதிலிருந்தே இதை அறிந்தேன்.

“நானா, ஜாக்கெட், கால்சட்டை, கிளவுஸ் எல்லாம் வெள்ளையிலதான் வேணும்” என்று மகன் முஸ்லிம் கடைக்காரரை அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

“வெள்ளைய வாங்கிட்டு யாருடா தொவைக்கிறது? நீயா?” என்று தாய் சிரித்தார்.

கடைக்காரர் சிவப்பு ஜாக்கெட் ஒன்றை விரித்தார். “சறுக்கப் போறவங்களுக்கு இதுதான் தம்பி. பனி சரிஞ்சு ஆளை இழுத்துட்டுப் போனாலும் தேடுறவங்க கண்ணுக்குத் தெரியணும்னுதான் இந்தக் கலரு.”

“வேணாங்க. பனியில எல்லைய நடந்து தாண்டுறப்ப யாரும் பாத்துறக் கூடாதுன்னு ஏஜெண்டு சொன்னாரு.”

சொன்ன பிறகுதான், தாய் பக்கத்தில் நிற்பது அவனுக்கு உறைத்தது.

“எந்த எல்லைடா? பிளேன்ல போயி எறங்குறதாத்தானே சொன்ன?”

அவன் கொக்கியில் தொங்கிய வெள்ளை ஜாக்கெட் ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்தான். கடைக்காரரின் கை சிவப்பு ஜாக்கெட்டின் மேலேயே நின்றுவிட்டது.

“மீரியபெத்த தோட்டத்துல மண்ணு சரிஞ்சப்ப உங்கப்பாவையும் தங்கச்சியையும் எத்தன நாள் தேடுனோம்? கெடைக்கவே இல்லியே. நீ, யாரு தேடுனாலும் தெரியாத மாதிரி உடுத்திக்கிட்டுப் போறேங்கிற. அத எடுத்துக் குடுக்க நானும் வந்து நிக்கிறேன்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. மகன் வெள்ளை ஜாக்கெட்டைத் திரும்பவும் கொக்கியில் மாட்டினான்.

“வாம்மா, போவோம்.”

ஒன்றும் வாங்காமல் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். அந்த வீட்டில் மிஞ்சியிருப்பவர்கள் அவர்கள் இருவர்தான்.