கசப்புக்கு ஏற்ற புகை

பியர் குடிக்கிற பழக்கம் எனக்கு அதிகம் இல்லை, ஐயா. வெயிலுக்குக் குளிராக ஒன்று குடித்தால் போதும் என்கிற ஆள் நான். அதில் மூக்கை வைத்து மணந்து பார்க்க என்ன இருக்கிறது என்று நிலோஜன் வரும்வரை யோசித்ததே இல்லை.

நிலோஜன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். மெல்பேர்னில் ஒரு சின்ன பியர் ஆலையில் பல வருடம் வேலை செய்துவிட்டு இந்த வருடம் ஊருக்கு வந்தான். அமிர்தகழிப் பக்கம் வாவிக்கரையில் நானும் மனைவி கலாஜினியும் நடத்தும் விடுதியில்தான் தங்கினான். தங்கச் சொன்னதே நான்தான்.

வரும்போது கொஞ்சம் பியர்ப் போத்தல்களும் ஒரு மரப்பெட்டியில் சுருட்டுகளும் கொண்டுவந்தான். அந்த பியரில் ஹொப்ஸ் என்கிற ஒரு கொடியின் பூவை அள்ளிப் போட்டிருப்பார்களாம். கசக்கும். தோடம்பழத் தோலைக் கிள்ளியதுபோல மணக்கும். அதோடு காரமான சுருட்டுக் கூடாது, இரண்டும் சண்டை பிடிக்கும், மென்மையான புகைதான் அந்தக் கசப்புக்குத் துணை என்றான். மாலையில் விருந்தினரைத் தோணியில் ஏற்றி இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் விடுதிக்கு நல்ல பெயர் வரும் என்பது அவன் யோசனை.

கலாஜினி குடிக்கிறவள் இல்லை. மணந்துதான் பார்ப்பாள். கண்ணை மூடிக்கொண்டு குவளையை மூக்கருகே பிடித்து, "கொய்யாப்பழம் மணக்குது அண்ணன்," என்பாள்.

"சரியாச் சொல்லிட்டீங்க," என்று அவன் பற்றவைக்காத சுருட்டை நீட்டுவான்.

"இது புது வைக்கோல்," என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

நான் சிகரெட் பிடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போகிறவள், ஐயா. என் பக்கத்தில் இருந்து அவள் எதையாவது கண்ணை மூடி மணந்ததாக எனக்கு நினைவில்லை.

அவர்கள் மறைத்து ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் என்னையும் கூப்பிட்டார்கள். "நீங்களும் வாங்களன், நம்மட விடுதிக்குத்தானே," என்பாள் அவள். "இரு மச்சான், நீயும் மணந்து பாரு," என்பான் அவன். கூப்பிடும்போது இரண்டு முகமும் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள், தோணியில் போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். காற்றில் சுருட்டு வேகமாக எரியுமாம், அப்போது பியரின் ருசி மாறுமாம். மாமாங்கத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. மீன்பிடிக்கிறவர்கள் எல்லாம் கோயிலில். வாவி வெறுமையாகக் கிடந்தது.

விடுதியின் இயந்திரத் தோணியைக் கழுவி வைப்பது எப்போதும் என் வேலை. பின்பக்கத்தில் தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு. அதை அடைக்கும் தக்கையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சவர்க்காரத் துண்டை அழுத்தி வைத்தேன். சவர்க்காரம் கரையக் கொஞ்ச நேரம் எடுக்கும். லைப் ஜக்கெட்டுகளைத் துவைத்துக் கொடியில் போட்டேன். அவை அழுக்காகத்தான் இருந்தன.

கலாஜினி கூடையில் மூன்று குவளைகள் வைத்திருந்தாள். "தலையிடிக்குது, நீங்க போங்க," என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்ல. வெயிலுக்க நிக்காதீங்க. வந்து தேத்தண்ணி போட்டுத் தாறன்."

நிலோஜன் எனக்கென்று ஒரு குவளையும் போத்தலும் சுருட்டும் எடுத்து வைத்தான். "கரையில இருந்து நீயும் பாரு மச்சான். பிறகு எப்பிடியெண்டு சொல்லு," என்றான்.

வாவி நடுவில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். நான் கரையில் கதிரை போட்டு உட்கார்ந்து போத்தலைத் திறந்தேன். அவன் சொன்னது உண்மைதான். கசப்பு நாக்கில் நிற்கும்போது புகையை இழுத்தால் ஓர் இனிப்பு வருகிறது.

தோணியின் பின்பக்கம் தாழ்ந்து கவிழ்ந்தபோது பாதிச் சுருட்டு முடிந்திருந்தது. இயந்திரப் பாரத்தில் தோணி அடிக்குப் போய்விட்டது. கலாஜினி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கலியாணமான நாளிலிருந்து அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. கோயில் ஒலிபெருக்கிச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிராது. எனக்குக் கேட்டது. விடுதியின் இன்னொரு தோணி என் காலடியில்தான் கட்டியிருந்தது. நான் எழும்பவில்லை. சுருட்டை இடையில் அணைத்தால் ருசி கெட்டுவிடும் என்று அவன் சொல்லியிருந்தான்.

விபத்து என்று எழுத வேண்டாம், ஐயா. இரண்டு பேரையும் கொன்றது நான்தான். ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கலாஜினிக்கு நீந்தத் தெரியாது. நிலோஜன் சின்ன வயதில் இந்த வாவியைக் குறுக்கே நீந்திக் கடந்தவன். தனியே என்றால் கரைக்கு வந்திருப்பான். அவன் வரவில்லை. அவளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவளோடேயே அமிழ்ந்து போனான். ஒன்றும் இல்லாமல் அடுத்தவன் மனைவியை ஒருவன் அப்படிப் பிடித்திருப்பானா? நான் சந்தேகப்பட்டது சரிதானே.