உள்ளே பலகை பிடித்தவர்

வத்தல்மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு கொத்தனார். பாதி மலையில் அவருடைய கையாள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லாம எறங்கிட்டியேடா. ஆனா இன்னைக்குத்தான் ஒழுங்கா பலகை புடிச்ச."

"நான் மேலயே வரலீங்க மாமா. மணல் டெம்போ பனியில ஏறல. போன் பண்ண டவரும் இல்ல."

மேலே கம்பி வலையில் சிமெண்ட் பூசி, கவிழ்த்த சட்டி மாதிரி வீடு கட்டுகிறார்களாம். ஒருவர் வெளியே பூச, ஒருவர் உள்ளேயிருந்து வலையோடு பலகையை அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர் பலகையைத் தட்டினால் அடுத்த இடம்.

"தட்டத் தட்டத்தானடா பூசினேன்."

"உள்ள யாருன்னு பாக்கலீங்களா?"

"மூஞ்சி தெரியாத பனி. நீன்னு நெனச்சேன்."

"பலகை இல்லாட்டி பூச்சு நிக்காதுங்களே."

"ஒரு சொட்டு கூட கீழ உழல."

கொத்தனார் கையில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டினார். "வெள்ளிக்கெழம என் மக கைக்கொழந்தையோட அங்க குடி வர்றாடா."

"வேல முடிஞ்சதுன்னு மூணு தட்டு தட்டுனீங்களா?"

"மறந்துட்டேன்."

"அப்ப இன்னும் பலகையப் புடிச்சிட்டுத்தான் நிக்கும்."

கொத்தனார் எழுந்து பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். பூச்சுக் கரணையோடு இறங்கி, பனிக்குள் மலையேறினார்.