பன்னிரண்டாவது கட்டை

டப்பா ஒன்று மூடியில்லாமல் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கல்யாணமாகி, மயிலாப்பூரில் மாமனார் வீட்டு மாடிக்குக் குடிவந்த முதல் வாரமே, கீழே சமையலறையில் இருந்த டப்பாக்களை எல்லாம் உயரவாரியாக அடுக்கி, மூடிகளைத் தேடிப் பொருத்தி வைத்தேன். "மாப்பிள்ளைக்கு ரொம்பப் பொறுப்பு" என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னாராம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சார், நான் கெட்ட எண்ணம் உள்ளவன் இல்லை என்பது முதலிலேயே பதிவாகிவிடட்டும்.

என் பெயர் ஸ்ரீரங்கன். வயது முப்பத்து நான்கு. தியாகராய நகரில், தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பின்னணி இசை செய்யும் ஜெயராம் சாரின் ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன். எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. வாத்தியங்களை ஒழுங்காக வைத்துக்கொள்வதுதான் என் வேலை. எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வாத்தியங்கள். சாம்ப்ளர் என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. ஒரு நிஜச் சத்தத்தைப் பதிவு செய்து கீபோர்டின் ஒரு கட்டைக்குக் கொடுத்துவிட்டால், அந்தக் கட்டையை அழுத்தும்போதெல்லாம் அந்தச் சத்தம் வரும். பன்னிரண்டு கட்டைக்கும் பன்னிரண்டு ஸ்வரம் கொடுத்துவிட்டால் அது ஒரு வாத்தியம். நேற்று உங்கள் கான்ஸ்டபிள் "பேய் மாதிரி கீது சார்" என்று சொன்னார். அப்படியும் சொல்லலாம்.

தொண்ணூற்று எட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கம்ப்யூட்டரில் ஆயிரத்துக்கு மேல் வாத்தியங்கள் இருந்தன. ஒன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வயலினுக்குப் பக்கத்தில் தவில். "பியானோ புதுசு" என்று ஒன்று, "பியானோ ரொம்பப் புதுசு" என்று ஒன்று, "இதுதான் பியானோ" என்று ஒன்று. "தொடாதே" என்று ஒன்றைத் திறந்தால் கடம். கீபோர்டு வாசிக்கும் இனாயத் ஒரு புல்லாங்குழலைத் தேடிப் பிடிப்பதற்குள் கதாநாயகி அழுது முடித்து முகம் கழுவிவிடுவாள்.

நான்கு மாதம் உட்கார்ந்து அடுக்கினேன். தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என்று நம் பெரியவர்கள் பிரித்த அதே ஐந்து வகை. கஞ்சம் என்றால் தாளம், மணி போன்ற வெண்கலக் கருவிகள். மிடறு என்றால் தொண்டை. மனிதக் குரல்கள் அதில் வரும். அதில் ஆண், பெண் என்று இரண்டு. ஒவ்வொன்றிலும் குழந்தை, இளையவர், முதியவர் என்று மூன்று. ஆக ஆறு அறைகள். ஐந்து நிரம்பிவிட்டன. "மிடறு, ஆண், முதியவர்" என்ற அறை மட்டும் காலி. எந்த சி.டி.யிலும் அப்படி ஒரு குரல் இல்லை.

"அத தூக்கிடு ரங்கா, எந்த சீரியல்ல தாத்தா பாடறாரு?" என்றான் இனாயத். அவனுக்குப் புரியாது. அந்தத் தலைப்பை எடுத்தால் பெண்கள் பக்கம் மூன்றும் ஆண்கள் பக்கம் இரண்டும் ஆகிவிடும். அதற்கப்புறம் எனக்கு இரண்டு வாரம் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

என் மாமனார் ஸ்ரீனிவாசராகவன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். சங்கீதப் பித்து. நாற்பது வருஷமாகத் தான் கேட்ட கச்சேரிகளை எல்லாம், இன்ன சபா, இன்ன ராகம், யார் எங்கே ஸ்ருதி விலகினார்கள் என்று நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருப்பவர். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது தப்பாகிவிட்டால் "அட ராமா" என்பார். அந்த 'ரா'வை நீட்டி, அசையாமல் நிறுத்தி, பிறகுதான் 'மா'வுக்கு வருவார். ஒருநாள் காலை செருப்பில் கால் மாறி நுழைத்துவிட்டு அதைச் சொன்னார். நான் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். சுத்தமான ஷட்ஜம். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு பத்து நாள் கவனித்தேன். கவனிப்பது குற்றமில்லை என்று நினைக்கிறேன். தொல்லை பெரிதாக ஆக, அவர் ஸ்வரம் மேலே ஏறியது. பால் பொங்கினால் ரிஷபம். மின்சாரம் போனால் காந்தாரம். பால் பொங்கும்போதே மின்சாரமும் போனால் மத்யமம். மனிதர் ஒரு ஹார்மோனியம் போல இருந்தார். அழுத்தத்தான் ஆள் இல்லை.

வாசல் பக்கத்துக் குரோட்டன்ஸ் தொட்டியில் ஒரு சின்ன மைக் வைத்தேன். கூடத்துக் காலண்டருக்குப் பின்னால் இன்னொன்று. பிறகு வேலையைத் தொடங்கினேன்.

ஷட்ஜத்துக்குச் செருப்பை இடம் மாற்றி வைத்தது போதும். சுத்த ரிஷபத்துக்கு, மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வேறு கண்ணாடி. சதுச்ருதி ரிஷபத்துக்குக் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. இதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் தடவை சமையலறையில் மிக்ஸி ஓடிப் பதிவு கெட்டுப்போனது. இரண்டாம் தடவை அவர் பழகிவிட்டார். அரை ஸ்வரம் கீழே இறங்கிவிட்டது. ஒரே தொல்லையைத் திரும்பக் கொடுத்தால் அதே ஸ்வரம் கிடைக்காது என்பதை நான் அன்றுதான் கற்றுக்கொண்டேன். காபிப்பொடியையே மாற்ற வேண்டி வந்தது.

சாதாரண காந்தாரத்துக்கு, பத்திரிகைக் குறுக்கெழுத்தை அவருக்கு முன்னால் எழுந்து பேனாவால் தப்பும் தவறுமாக நிரப்பி வைத்தேன். அந்தர காந்தாரத்துக்கு, கிரிக்கெட்டில் கடைசி ஓவர் நடக்கும்போது மொட்டை மாடிக்குப் போய் கேபிள் வயரைப் பிடுங்கினேன். தெருவே கத்தியது. ஆனால் மைக் கூடத்தில் இருந்ததால் அவர் குரல் தனியாகத் தெளிவாக விழுந்தது. மத்யமங்கள் இரண்டையும் தண்ணீர் லாரியை வைத்து முடித்தேன். லாரி வரவில்லை என்று சொன்னது ஒருநாள். வந்து போய்விட்டது என்று சொன்னது இன்னொரு நாள். பஞ்சமத்துக்கு அவருடைய பல்செட்டை ஒளித்து வைத்தேன். இதில் உச்சரிப்பு கொஞ்சம் குழறிவிட்டதால், மறுவாரம் பல்லை அவர் வாயிலேயே விட்டுவிட்டு அதைப் போட்டு வைக்கும் டம்ளரை மட்டும் ஒளித்துப் பதிவை எடுத்தேன்.

தைவதங்களுக்கு டிசம்பர் சீசன் வரை காத்திருந்தேன். சபாவில் மூன்றாவது வரிசையில் அவருக்கு எப்போதும் ஒரே நாற்காலி. அவர் எழுதியது போலவே ஒரு கடிதம் எழுதி, தூணுக்குப் பின்னால் இடம் மாற்றிவிட்டேன். அவருக்கு முன்னாலேயே போய் அந்தத் தூணில் மைக்கை ஒட்டி வைத்தேன். முதல் தைவதம் அங்கே கிடைத்தது. இரண்டாவது தைவதம், தூணருகில் இருந்து திரும்பி மூன்றாவது வரிசையில் தன் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் பார்த்தபோது கிடைத்தது. அந்தச் சீட்டை நான் அவருடைய சம்பந்திக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வாங்கிக் கொடுத்திருந்தேன். அப்பாவுக்குச் சங்கீதம் தெரியாது. தனி ஆவர்த்தனத்தில் குறட்டை விட்டார்.

கைசிகி நிஷாதம்தான் எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அந்தக் கச்சேரி நோட்டுப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். திரும்ப வாங்கிவிடுவதாகத்தான் திட்டம். இரண்டு நோட்டுகளைத் தவிர எல்லாம் திரும்பி வந்தன. அந்த இரண்டும் பக்கத்துக் கடையில் பஜ்ஜி மடிக்கப் போய்விட்டன. மாமாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. நான்தான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து கஞ்சி கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மீதி ஒன்று. காகலி நிஷாதம். பன்னிரண்டாவது கட்டை.

அவர் காலையில் பத்திரிகை வந்ததும் முதலில் படிப்பது காலமானார் பகுதியைத்தான். "நம்ம செட்ல இன்னிக்கு யாரு?" என்று கேட்டுக்கொண்டே பிரிப்பார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. விளம்பரத்தை மரியாதையாகத்தான் எழுதினேன். "சங்கீத ரசிகர், அன்பே உருவானவர், மாப்பிள்ளையை மகனாகப் பாவித்தவர்" என்று போட்டேன். என் கல்யாண ஆல்பத்தில் இருந்து நல்ல படமாகத் தேர்ந்தெடுத்தேன். அதில் அவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றேன். பத்திரிகை பிரியும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அவர் தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார்.

"ராகவனுக்கு மூணு சுழி ணாவா போடுவான்?" என்றார், யாரிடமும் இல்லாமல்.

ராமா வரவில்லை. அவர் ஒருவேளை சரியாகப் பார்க்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நாகேஸ்வரராவ் பூங்காவில் அவரோடு நடக்கும் நண்பர்கள் நான்கு பேர், கையில் மாலை. மாமாவே எழுந்து போய்க் கதவைத் திறந்தார். முன்னால் நின்றவருக்கு வயது எண்பது, பார்வை மட்டு. மாலையை மாமா கையிலேயே கொடுத்துவிட்டு, "எத்தனை மணிக்கு எடுக்கறா?" என்று கேட்டார்.

"தெரியலையே ஓய், எனக்கே இப்பத்தான் தகவல்" என்றார் மாமா.

பத்து மணிக்குள் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். மாமியார் அழுவதா காபி போடுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். அடையாறில் இருந்து வந்த ஒரு அத்தை, மாமாவைக் கண்டதும் பயந்து குரோட்டன்ஸ் தொட்டியில் சாய்ந்தார். மைக் வெளியே வந்து விழுந்தது. எனக்கு அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "மாமா, இவ்வளவு நடந்திருக்கு, நீங்க ஒண்ணுமே சொல்லலையே?" என்று கேட்டுவிட்டேன்.

என் மனைவி ஸ்ரீலக்ஷ்மி என்னைப் பார்த்தாள். பிறகு தொட்டியில் இருந்து கிளம்பும் வயரைப் பார்த்தாள். அந்த வயரோடு கண்ணாலேயே நடந்து வந்து என் காதில் நின்றாள்.

"ஏன்னா, காதுல என்ன மாட்டிண்டிருக்கேள்?"

அதற்குப் பிறகு மாமா உங்களிடம் புகார் கொடுத்தது வரை நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்கள்கூட, "இன்னா சார், படிச்சவரா கீறீங்க, உயிரோட கீற மனுசனுக்கு மாலை போட வச்சிட்டீங்களே" என்று வருத்தப்பட்டீர்கள். நேற்று ஸ்டூடியோவுக்கு எல்லோரையும் அழைத்துவந்து, அந்த வாத்தியத்தைப் போட்டுக் காட்டச் சொன்னீர்கள். இனாயத் கீழிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்தினான். "அட ராமா, அட ராமா" என்று படிப்படியாக ஏறியது. என் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். மாமா கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக் கேட்டார். ஐந்தாவது கட்டையில் மட்டும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அந்தர காந்தாரம் ஒரு இழை கம்மி."

சார், என்மீது சொல்லப்பட்ட மற்ற எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். இதை மட்டும் ஏற்க முடியாது. அதை நான் மூன்று தடவை சரிபார்த்திருக்கிறேன்.

பதினொன்று முடிந்து இனாயத் பன்னிரண்டாவதை அழுத்தினான். சத்தம் இல்லை. "ஏம்ப்பா நிறுத்திட்டே?" என்றார் மாமா. "அது காலி சார், இன்னும் வரல" என்றான் அவன். அப்போதுதான் மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஒவ்வொன்றாக அவருக்குப் பிடிபடுவது முகத்தில் தெரிந்தது: செருப்பு, காபி, தூண், பஜ்ஜிக்கடை, பத்திரிகை. வாயைத் திறந்தார். என்னை அறியாமல் ஒரு அடி முன்னால் வந்துவிட்டேன். அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"கோவிந்தா" என்றார், தாழ்ந்த குரலில்.

நேற்றிலிருந்து எதற்கும் கோவிந்தாதான். இன்று காலை உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் அவர் வேட்டியில் டீ கொட்டியபோதும் அதையேதான் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மனிதருக்குப் பிடிவாதம் அதிகம். இருந்தாலும், இந்த வாக்குமூலத்தை அவருக்கு முழுதாக வாசித்துக் காட்டினால் புகாரைத் திரும்பப் பெறுவது பற்றி யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்றீர்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆகையால் எதையும் மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுவதுதான் முறை.

பன்னிரண்டு ஸ்வரமும் தேவையே இல்லை. முதல் நாளே இனாயத் என்னிடம் சொன்னான். "ரங்கா, மூணு நோட்டு போதும். மிச்சத்த மெஷினே இழுத்துக்கும்." அது உண்மை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. செருப்பு, குறுக்கெழுத்து, தண்ணீர் லாரி. அதோடு வேலை முடிந்திருக்கும். சபா நாற்காலி போயிருக்காது. நோட்டுகள் பஜ்ஜிக்குப் போயிருக்காது. அவர் காலமாகியிருக்க வேண்டியதும் இல்லை. இவ்வளவும் எனக்கு முதலிலிருந்தே தெரியும்.

இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். வாசிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அது சத்தம் போடுகிறது. வாசித்து முடித்த பிறகு ஒரு நிமிடம் அறையில் யாரும் பேச வேண்டாம். மாமாமீது எனக்கு இருக்கும் மரியாதையால்தான் இதைக் கேட்கிறேன்.